டிஇசட் முத்திரை மட்டும் போதாது

அன்புள்ள சேகர்,

நீ வாங்கப் பார்க்கும் வண்டியின் படங்கள் கிடைத்தன. அமெரிக்காவின் நார்வுட் ஆலையில் செய்த 1969 செவர்லே கமாரோ, அதுவும் பந்தய ரக இசட்/28, ஒரிஜினல் இன்ஜின் என்று விற்பவர் சூடம் அணைக்காத குறையாகச் சொல்கிறார் போலிருக்கிறது. ஆனால் அந்த வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னில் இசட்/28 என்பதற்குத் தடயமே இருக்காது. 124379என் என்றால் செவர்லே, எட்டு சிலிண்டர் (வி8) கமாரோ, இரண்டு கதவு கூப், 1969, நார்வுட். அவ்வளவுதான். 307 கன அங்குல இன்ஜின் போட்ட சாதா வண்டிக்கும் இதே தொடக்கம்தான். 1970 பிளிமத்தில் ஐந்தாம் எழுத்து 'ஆர்' என்றாலே 426 ஹெமி இன்ஜின் என்று தெரிந்துவிடும். செவர்லேக்காரன்தான் நம்மை அலையவிடுகிறான்.

இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில் (ஃபயர்வால்), ஓட்டுநர் பக்கம், வண்டியின் உடல் விவரம் அடித்த டிரிம் தகட்டைப் பார். 1968 டிசம்பர் நடுவிலிருந்து நார்வுட்டில் எக்ஸ் குறியீடு அடித்தார்கள். எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் இசட்/28. எக்ஸ்11 என்றால் இல்லவே இல்லை. கமாரோ செய்த இன்னொரு ஆலையான வான் நைஸின் தகட்டில் இது கிடையாது. போலித் தகடுகள் தாராளமாகக் கிடைப்பதால் தகட்டை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதே.

அடுத்தது இன்ஜின். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்நேட்டருக்குப் பின்னே, இன்ஜின் எழுத்து அடித்த சின்னச் சமதளம் ஒன்று இருக்கும். கார்புரேட்டர் கிளீனர் தெளித்துத் துணியால் மட்டும் துடை. கம்பி பிரஷ், உப்புத்தாள் பக்கமே போகாதே. வி0320டிஇசட் என்று இருந்தால் ஃபிளின்ட் ஆலை, மார்ச் 20, இசட்/28இன் 302 இன்ஜின். எழுத்தைவிட அது அடிக்கப்பட்ட தளம்தான் முக்கியம். ஆலையில் இன்ஜின் பிளாக்கைச் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக நேராக ஓட வேண்டும். தளம் வழவழவென்றோ வட்டக் கீறலோடோ இருந்தால், பழைய எழுத்தை இழைத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம். இன்ஜின் பிரித்து வேலை செய்தபோது மேல்தளத்தை இழைத்திருந்தாலும் கோடு போய்விடும். அப்போது மோசடி என்று சொல்ல முடியாது, நிரூபணம் போய்விட்டது என்றுதான் சொல்ல முடியும். வண்டி எண்ணின் கடைசிப் பகுதி அங்கே இல்லாவிட்டால் பதறாதே. 1969இல் பல பிளாக்குகளில் அதை ஆயில் ஃபில்டருக்கு மேலே அடித்திருக்கிறார்கள்.

போலி செய்பவர்கள் பெரும்பாலும் தேதிகளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிளாக்கின் பின்பக்கம் வார்ப்புத் தேதி 'சி 12 9' என்றால் 1969 மார்ச் 12. இன்ஜின் பூட்டிய தேதி அதற்குப் பின்னும், டிரிம் தகட்டின் மாதமும் வாரமும் அதற்கும் பின்னும் வர வேண்டும். மன்சி கியர்பாக்ஸில் 'பி9சி14பி' (P9C14B) என்றால் அதே மார்ச் 14, எம்21 வகை. ஹோலி கார்புரேட்டரில் லிஸ்ட் எண் 4053, அதன் கீழே 932 என்றால் மார்ச் இரண்டாம் வாரம். வார்ப்பு மே, வண்டி ஏப்ரல் என்றால் பேச்சே வேண்டாம். வார்ப்பு எண்ணை மட்டும் காட்டி நம்பவைக்கப் பார்ப்பார்கள். 3970010 பிளாக் பல வருடங்கள் 350 இன்ஜினுக்கும் வந்தது.

உடலும் விஐஎன்னும் ஒன்றுதானா என்பதையும் பார்த்துவிடு. வைப்பர் கைகளையும் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் தகட்டையும் கழற்றினால் வண்டி எண்ணின் மறைவு முத்திரை ஒன்று தெரியும். ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் இன்னொன்று. கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் காரணத்தை நீயே யோசித்துக்கொள்.

ஆலையிலேயே ஏசி, ஆட்டோமேட்டிக் கியர், கன்வெர்டிபிள், இவற்றில் ஒன்று இருந்தாலும் இசட்/28 அல்ல. 12 போல்ட் பின்னச்சும் முன் டிஸ்க் பிரேக்கும் இருந்தாக வேண்டும். ஆனால் இவற்றை யாரும் பிறகு மாட்டலாம்.

பெட்ரோல் டாங்கின் மேலும் சீட் ஸ்பிரிங்கிலும் வண்டியில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று ஆலையில் அச்சிட்ட தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடச் சொல். வண்டி முதலில் கனடாவில் விற்றதென்றால் அதிர்ஷ்டம், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடாப் பிரிவு வைத்திருக்கும் பதிவிலிருந்து விவரம் வாங்கலாம்.

அந்தச் சமதளத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்பச் சொல். வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
முரளி