எங்கள் வாசலிலும் பாடுங்கள்

எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளுக்கும், ஐயர் அவர்களுக்கும், சபைப் பெரியவர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் இந்த வருஷ கேரல் ரவுண்ட்ஸுக்கு வீடுகளின் பட்டியல் எழுதியாகிவிட்டது, அதில் எங்கள் வீடு இல்லை என்று கேள்விப்பட்டேன். கோபத்தில் எழுதவில்லை. ஐப்பசியில்தான் என் வீட்டுக்காரர் தவறினார். துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை இல்லை. இந்த ஊரில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கும் நமக்கும் அது ஒரே வழக்கம்தான். எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் பெயரை விட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள்.

உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் கடல் உள்ளே வந்தது. அன்றைக்கு நாமெல்லாம் நாகப்பட்டினம் மாவட்டம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தரங்கம்பாடியிலும் வேளாங்கண்ணியிலும், கடலோரம் முழுக்கவும் சாவு. அடுத்த டிசம்பரில் கேரல் போனபோது நானும் அவரும் வாலிபர் சங்கத்தில் இருந்தோம், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இழவு விழுந்த வீடுகளை விட்டுவிடலாம் என்று நாங்களும்தான் முடிவு செய்தோம். கடலோரத் தெருவில் ஒரு வீட்டில் பாடினோம், அடுத்த இரண்டு வீடுகளைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தோம், அப்புறம் அதற்கடுத்த வீட்டில் பாடினோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம்.

மறுநாள் காலை அந்தத் தெருப் பாட்டி ஒருத்தரைச் சந்தையில் பார்த்தோம். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரைக் கடலுக்குக் கொடுத்தவர். "பாட்டு தூரத்துல வரும்போதே எழுந்து விளக்க ஏத்துனேன்யா. எங்க வாசலுக்கு வந்ததும் நின்னுபோச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, தொப்பி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா இல்லாமல், வெடி இல்லாமல், அந்தத் தெருவுக்குத் திரும்பப் போனார். விட்டுப்போன வீடுகளில் மட்டும் ஒவ்வொரு பாட்டு. அதற்கப்புறம் அவர் இருந்தவரை எந்தத் துக்க வீட்டையும் தாண்டிப் போனதில்லை. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வருஷம் நாங்கள் ஸ்டார் கட்டவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை, அடுப்பில் எண்ணெய்ச்சட்டி வைக்கப்போவதும் இல்லை. கொண்டாட மனசில்லை, அதைச் செய்யச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஆனால் நன்றி சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கொண்டாட்டத்தை நிறுத்தும்போது நன்றி சொல்வதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் சம்பா நடவை முடித்துவிட்டுத்தான் போனார். காரியமெல்லாம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, விடாமல் பெய்த மழையில் வயல் முழுகிவிட்டது. எனக்கு வயலுக்குப் போகத் தோன்றவில்லை. முழுகினால் முழுகட்டும் என்று படுத்திருந்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வயல்காரர் ராத்திரி மழையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய் வரப்பை வெட்டி விட்டிருக்கிறார். அவருடைய வயலும் முழுகித்தான் கிடந்தது, எங்களுடையதை முதலில் வடித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. களையெடுக்க வந்த பெண்கள் இரண்டு நாள் கூலி வாங்க மாட்டேன் என்றார்கள். மேலுரம் யார் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது கதிர் வெளியே வந்து, பால் பிடித்து நிற்கிறது. வரப்பில் நின்று பார்த்தால் அழுகையாக வருகிறது. ஆனால் அந்த அழுகையில் பாதி அவருக்கானது, பாதி இந்த ஜனங்களுக்கானது. எது எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

விசுவாசத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகப் பேசத் தெரியாது. அவர் போன முதல் மாதம் ஜெபம் வரவே இல்லை. முழங்கால் போடுவேன், ஒரு சொல்லும் வராது, எழுந்துவிடுவேன். நாம் கடைமடைக்காரர்கள், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் நம்முடையது. ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொல்வார்கள், நம் வாய்க்காலில் மண் வெடித்துக் கிடக்கும். ஆனாலும் அவர் அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தூர் வாரப் போய்விடுவார். தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு போனால் போதாதா என்று கேட்பேன். வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் வந்த தண்ணீரும் பக்கத்து ஊரோடு நின்றுவிடும் என்பார். கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கும் இந்த அட்வெந்து நாட்கள் முழுக்க நான் செய்வது அதுதான். இன்னும் என்னிடம் ஈரம் இல்லை. தூர் வாரிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்மஸ் நாடகத்தில் மேய்ப்பர்கள் வருகிறார்கள், நட்சத்திரம் பார்த்து சாஸ்திரிகள் வருகிறார்கள், திரை விழுந்துவிடுகிறது. அதற்கடுத்தது ஏரோது பெத்லகேமின் ஆண்பிள்ளைகளைக் கொன்றதும் தாய்மார் அழுததும்தானே? அதே கிறிஸ்மஸ் கதைதானே அதுவும்? குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் மரியாளிடம் சொன்னதும் ஆத்துமாவை உருவிப்போகும் பட்டயத்தைப் பற்றித்தான். அழுகை இந்தப் பண்டிகைக்கு வெளியே இல்லை. தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயம் 1718-ல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் அடுத்த பிப்ரவரியிலேயே 36 வயதில் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார். முன்னூறு வருஷமாக அந்தக் கல்லறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கிறிஸ்மஸ் ஆராதனை நடக்கிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். என் மகளைப் பார்க்கும்போது "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அப்பா செல்லம். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்களே, அது போதும். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பாட்டு நம்ம வீட்டுக்கு வருமாம்மா?" நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வரும்போது, "அக்கா இந்த வருஷம் வேண்டாம்" என்று என்னை உட்கார வைத்துவிடாதீர்கள். நான் எழுந்து நிற்பேன். அழுதாலும் சொல்லி முடிப்பேன். ஸ்தோத்திரக் காணிக்கை உறையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

23-ஆம் தேதி எங்கள் தெரு முறை என்று சொன்னார்கள். வாசல் லைட் எரியும். ஒரு பாட்டு போதும், ஒரு ஜெபம். வெடி மட்டும் வேண்டாம். பலகாரம் இருக்காது, சுக்கு காபி போட்டு வைக்கிறேன். அவருடைய டோலக் உறையோடு பீரோ மேல் இருக்கிறது. இந்த மழை ஈரத்தில் தோல் இறங்கியிருக்கும், லேசாகச் சூடு காட்ட வேண்டும். உங்களில் வாசிக்கத் தெரிந்த யாராவது இரண்டு நாள் முன்னாலேயே வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா