மைன்கிராஃப்ட் கட்டுமானச் சவால்: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மே 17, சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, நம் குடியிருப்புக் கூடத்தில் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட் (கட்டைகளை அடுக்கிக் கட்டும் வீடியோ கேம்) கட்டுமானச் சவால். வயது 8 முதல் 13.

தலைப்பு: திண்ணையும் முற்றமும் உள்ள செட்டிநாட்டு வீடு. இந்த விளையாட்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். அரைக்கட்டை வைத்தால் உட்காரத் தோதான திண்ணை வந்துவிடும். முற்றத்தில் விழும் மழைநீர் எங்கே போகும் என்றும் பிள்ளைகள் யோசிக்கட்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

1. டேப்லெட் அல்லது போனில் மைன்கிராஃப்ட்டின் பெட்ராக் பதிப்பு வேண்டும். கணினிக்கான ஜாவா பதிப்பிலிருந்து இதில் சேர முடியாது.
2. முந்தின இரவே அப்டேட் செய்து, முழு சார்ஜ் போட்டுவிடுங்கள்.
3. கிரியேட்டிவ் மோடு (சண்டையில்லாமல் கட்டுவதற்கான முறை) மட்டும். ஜோம்பி தாக்காது, சின்னவர்களும் தைரியமாக வரலாம்.
4. டேப்லெட் இல்லாத பிள்ளைகளும் கட்டாயம் வரட்டும். இருவர் இருவராகத்தான் கட்டப்போகிறார்கள்: ஒருவர் தாளில் வரைய, மற்றவர் கட்ட, பாதியில் மாறிக்கொள்ளலாம்.

பரிசு, ரேங்க் கிடையாது. கடைசி அரை மணி நேரம் பிள்ளைகள் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். அப்போது நீங்களும் இருங்கள்.

வியாழன் இரவு 9 மணிக்குள் பிள்ளையின் பெயர், வயது, டேப்லெட் உண்டா இல்லையா என்று இங்கேயே பதில் போடுங்கள்.