டகேடா குலம் நகாஷினோவில் அழியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் டகேடா குலம் பற்றிய கட்டுரையில், 1575-ல் நகாஷினோ போரில் எதிரி ஓடா நொபுனாகாவின் 3,000 துப்பாக்கிகள் மூன்று வரிசையாக மாறி மாறிச் சுட்டதில் அந்தக் குலமே அழிந்தது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வரிசைக் கதை, நொபுனாகாவிடமே வேலை பார்த்தவர் எழுதிவைத்த வரலாற்றில் கிடையாது. பின்னால் எடோ காலத்து (1603-க்குப் பிந்தைய) நூலில் வந்து சேர்ந்தது. அதைவிட முக்கியம், குலம் அழிந்தது 1582-ல். நடுவில் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன.

நகாஷினோ பேரிழப்புதான். யமகாதா, பாபா, நைதோ என்று முந்தைய குலத்தலைவர் ஷிங்கென் காலத்துத் தளபதிகள் ஒரே நாளில் மாண்டார்கள். ஆனால் விரிசல் ஷிங்கென் இருக்கும்போதே விழுந்துவிட்டது. அவருடைய மூத்த மகன் யோஷினொபுவின் மனைவி, அண்டைக் குலமான இமகாவா வீட்டுப் பெண். இமகாவா வசமிருந்த சுருகா மாகாணத்தின் மேல் ஷிங்கென் கண்வைக்க, தந்தைக்கும் மகனுக்கும் பகை முற்றியது. காவலில் வைக்கப்பட்ட மகன் 1567-ல் இறந்தார். ஷிங்கெனுக்கு அடுத்துப் பொறுப்பேற்ற இன்னொரு மகன் கட்சுயோரியோ, ஷிங்கென் அழித்த சுவா குலத்துப் பெண்ணின் பிள்ளை. வளர்ந்ததும் சுவாவின் வாரிசாகவே. டகேடா ஆண்களுக்கு வழிவழியாக வரும் ‘நொபு’ அவர் பெயரில் இல்லை. இருப்பது சுவா வீட்டு ‘யோரி’. பெயரைக் கேட்டாலே இன்னொரு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

1578-ல் உவேசுகி குலத்தில் வாரிசுச் சண்டை மூண்டபோது, ஹோஜோ வீட்டிலிருந்து தத்துப்போன ககேதோராவைக் கைவிட்டு ககேகட்சு பக்கம் சாய்ந்தார் கட்சுயோரி. ஹோஜோ பகையாகி, நொபுனாகாவின் கூட்டாளி டோகுகவா இயெயாசுவுடன் கைகோத்தது. இரண்டு எல்லைகளையும் ஒரே சமயத்தில் காக்க வேண்டிய நிலை.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத தகதென்ஜின் கோட்டைதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம். 1574-ல் கட்சுயோரியே வென்ற கோட்டை அது. அதைச் சுற்றி இயெயாசு சிறு கோட்டைகளாகக் கட்டி உணவுவழியை அடைத்தார். உள்ளிருந்தவர்கள் சரணடைய முன்வந்தபோது, ஏற்க வேண்டாம் என்று தடுத்தவர் நொபுனாகா. கட்சுயோரி காப்பாற்ற வரமாட்டார் என்பதை டகேடா நாடு முழுக்கப் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. 1581 மார்ச்சில், பட்டினியில் கிடந்த காவற்படை வெளியே பாய்ந்து மடிந்தது. உதவிப்படை வரவேயில்லை. தலைவன் கைவிடுவான் என்று தெரிந்தபின் எந்தச் சிற்றரசன் அவனுக்காக உயிரைக் கொடுப்பான்?

மறு ஆண்டே ஷிங்கெனின் மருமகன் கிசோ யோஷிமாசா கட்சி மாறினார். தகாதோ கோட்டையைத் தவிர உறுதியாக எதிர்த்து நின்ற இடம் அரிது. ஷின்புவில் கட்டிய புதுக் கோட்டையில் குடியேறி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் கட்சுயோரியே அதற்குத் தீ வைத்துவிட்டுக் கிளம்பினார். அடைக்கலம் தருவதாகச் சொன்ன ஒயமாதா நொபுஷிகே வழியை அடைத்துவிட்டார். நகாஷினோவுக்குச் சுமார் 15,000 பேருடன் போனவர், தென்மோகு மலையடிவாரத்தில் மனைவி, மகனோடு உயிர்விட்டபோது உடனிருந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர்.

இந்த ஏழு ஆண்டுகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்