மருத்துவ எழுத்து வகுப்பு நின்றுவிடாமல் காத்தவர்களுக்கு

அன்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தின் மதிப்பெண் பட்டியலை ஒப்படைத்துவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்து மருத்துவ எழுத்துப் பாடம் எந்த நிலைக்குப் போனது, எப்படி மீண்டது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல இப்போது மனம் வரவில்லை. பாடம் நடந்து முடிந்தது, மாணவர்கள் தேர்வும் எழுதிவிட்டார்கள் என்பதே எனக்குப் போதும்.

எங்களுக்காகக் கல்விக்குழுவில் வாதாடிய துறைத்தலைவருக்கும், மாலை நேரத்தில் வந்து ஊதியம் வாங்காமல் வகுப்பெடுத்த மருத்துவர்களுக்கும் மருந்தாளுநருக்கும், நூலகக் கூடத்தைத் திறந்துவைத்த ஊழியர்களுக்கும், கடனுக்கு நகலெடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்களில் ஒருவர் விலகியிருந்தாலும் இது நடந்திருக்காது.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மாணவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழியில்லாமல் போன பிறகு, நோயாளிக்கு எழுதுவது எப்படி என்று கற்றுத்தரும் பாடத்தை நோயாளியின் குரலே கேட்காமல் எப்படி நடத்துவது என்று கலங்கியிருந்த ஒரு நாளில், அரசு மருத்துவமனை ஒன்றின் நீரிழிவுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் துறை அலுவலகத்துக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு நோட்டை என் மேசைமீது வைத்தார். எங்கள் மாணவி ஒருத்தியின் பக்கத்து வீட்டுக்காரர் என்பதைத் தவிர அவருக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. “டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து கேட்டதுங்க சார் இதெல்லாம். புள்ளைங்களுக்கு ஆகுமான்னு பாருங்க” என்றார்.

அந்த நோட்டில் ஒரு நோயாளியின் பெயரோ வயதோ படுக்கை எண்ணோ இல்லை. கேள்விகள் மட்டுமே இருந்தன. சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வரச் சொன்னீர்களே, பிரஷர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வரலாமா? வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, இன்சுலினை எங்கே வைப்பது? நோன்பு மாதத்தில் ஊசி நேரத்தை எப்படி மாற்றிக்கொள்வது? சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் ஆரஞ்சு மூடி கொடுத்தார், அதே கோடு வரைக்கும் இழுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கே ஒரு முழு வகுப்பை ஒதுக்கினோம். நோயாளிகள் வீட்டில் படிப்பதற்காக மாணவர்கள் பயிற்சியாக எழுதியிருந்த கையேடுகளில் இன்சுலின் அளவு இருந்தது, நேரம் இருந்தது. எந்த சிரிஞ்சு என்பது எதிலும் இல்லை. நம் நாட்டில் குப்பியில் கிடைக்கும் இன்சுலினில் பெரும்பாலானது ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. அதற்குரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கானது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 4 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 25 யூனிட் போய்விடும். சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு சிரிஞ்சுகளையும் கையில் வாங்கி, தண்ணீரை இழுத்துப் பார்த்த பிறகு, மாணவர்கள் எல்லோரும் தங்கள் கையேட்டைத் திருத்தி எழுதினார்கள்.

சிகிச்சைக் குறிப்பு எழுதுவதற்கு அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960களில் வகுத்த முறையைத்தான் இன்றும் உலகெங்கும் கற்பிக்கிறார்கள்: நோயாளி சொன்னது, பரிசோதனையில் கண்டது, கணிப்பு, அடுத்து செய்யவேண்டியது. மருத்துவர் மருத்துவருக்கு எழுத அதைவிடத் தெளிவான ஒழுங்கு இல்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவரின் கேள்விக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை சிஸ்டர் பணி நேரத்துக்கு நடுவே, யாரும் கேட்காமலே, ஒரு நோட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீட்டுக்கு வரும்போது, சந்தேகம் கேட்க வாசலில் செவிலியர் இருக்கமாட்டார். சீட்டில் எழுதியிருப்பதுதான் பதில் சொல்லவேண்டும்.

சிஸ்டர், ஒரு முறை வகுப்புக்கு வந்தபோது, “பஸ்ல நின்னுக்கிட்டே படிக்கிற மாதிரி எழுதுங்க கண்ணுகளா” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் கோப்புகளின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டிலிருந்து இந்தப் பாடத்தில் எந்தக் கையேட்டுக்கும், அந்த நோயோடு வாழும் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்காமல் மதிப்பெண் போடமாட்டேன் என்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன். நோட்டிலுள்ள கேள்விகளை மாணவர்கள் தட்டச்சு செய்து வருகிறார்கள். பதில்களை மருத்துவர்கள் சரிபார்த்ததும் அச்சிட்டு, கேட்கும் செவிலியர் கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்புவோம். முதல் படியும் மூல நோட்டும், சிஸ்டர், உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

நன்றியுடன்,
மருத்துவ எழுத்துப் பாட ஆசிரியர்