மாமாவுக்கு: ஆர்ம் புஷ் மாற்றிய கதை

ஸ்கார்பரோ, டொரண்டோ
ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே சாரல் விழ ஆரம்பித்திருக்கும். அத்தையின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

போன மாதம் போனில் "கார் எப்படி ஓடுது?" என்று கேட்டீர்கள். "ஓடுது" என்று மழுப்பிவிட்டேன். அப்போதே பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரில் உள்விளிம்பு மட்டும் வழித்துவிட்டாற்போல் தேய்ந்திருந்தது. புளியரை எஸ் வளைவு இறங்கிவரும் கேரளா கார்கள் இந்தச் சத்தத்தோடுதானே நம் ஷெட்டுக்கு வரும்!

2006 மாடல் வண்டி. மாருதி 800 மாதிரி முன்சக்கரம்தான் இழுக்கிறது, திரும்புவதும் அதேதான். ஓடும்போது முன்னாலும் பிரேக்கில் பின்னாலும் இழுபட்டு, சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் பின் புஷ்தான், அந்த ரப்பர் மூட்டுதான், பாவம் அடி வாங்குகிறது. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். ரப்பர் நடுக்குழாயை விட்டுப் பிய்ந்து வாய் பிளந்து கிடந்தது.

இங்கே ஒரு ஒர்க்ஷாப்பில் இரண்டு பக்கத்துக்கும் 600 டாலர் கேட்டார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள். உடனே ரூபாயில் பெருக்கிப் பார்ப்பாள். நானே படுத்துவிட்டேன், வண்டிக்கு அடியில்.

இந்த ஊரில் வண்டியைத் தின்பது உப்பு. பனி உருகுவதற்காகக் குளிர்காலம் முழுக்க ரோட்டில் கொட்டுகிறார்கள். நட்டு கழன்றது, போல்ட் மட்டும் புஷ்ஷின் குழாயோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் எட்டிப் பார்த்து, "உது கறள் பிடிச்சிட்டுது தம்பி" என்றார். துருவை அவர்கள் கறள் என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சம்மட்டியோடு திரும்பி வந்தார்.

நீங்களாக இருந்தால் புஷ்ஷை மட்டும் அடித்து இறக்கியிருப்பீர்கள். என்னிடம் புஷ்ஷை அழுத்தி ஏற்றும் பிரஸ் கிடையாது. புஷ்ஷும், சக்கரப் பக்கத்து மூட்டான பால் ஜாயிண்டும் கோத்த முழு ஆர்மையே வாங்கி மாட்டினேன். திட்டாதீர்கள்.

ஆனால் ஒன்று மறக்கவில்லை. ஏழாவது படிக்கும்போது, பிரானூர் பார்டர் ஷெட்டில், ஜாக்கியில் தொங்கிய வண்டியின் ஆர்ம் போல்ட்டை நான் இறுக்கப் போக, புறங்கையில் ஸ்பானரால் தட்டினீர்கள். "மருமவனே, வண்டி தரையில நிக்கட்டும்." காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதுதான் புரிந்தது. புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கிறது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியபின் அந்த முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, சக்கரங்களைச் சாய்வுக் கட்டையில் ஏற்றி, எடை முழுக்க இறங்கியபிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் அண்ணரின் டார்க் ரெஞ்சால் புத்தகத்தில் போட்ட அளவுக்கு இறுக்கினேன். மறுநாள் அலைன்மெண்ட்டும் பார்த்தாயிற்று.

'டொக்' போய்விட்டது. அது போனபிறகு வலது பக்கம் சின்னதாக 'டிக் டிக்' என்று வேறொன்று கேட்கிறது. ஸ்டெபிலைசர் லிங்க்தான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அண்ணர் வண்டியை அசைப்பார், நான் போனை டயர் பக்கம் பிடிக்கிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்