வண்ணார்பேட்டை பெயிண்டர் அண்ணாச்சிக்கு நன்றி

பேர் போடாதேன்னு சொல்லிட்டீங்க அண்ணாச்சி, போடலை. நீங்க பெயிண்ட் அடிச்சுத் தந்த என் ரிமோட் விமானம், 1965, 1971 போர்களில் நம்ம விமானப்படை ஓட்டிய நாட் (Gnat) போர் ஜெட்டின் சின்ன மாதிரி. எஞ்சின் கிடையாது, குன்றுச் சரிவில் மோதி மேலே ஏறும் காற்றுதான் தூக்கணும். வாலில் ஒரு கிராம் பெயிண்ட் கூடினாலும் எடை சமமாக மூக்கில் அதைவிடப் பல மடங்கு ஈயம் வைக்கணும். இதைச் சொன்னதும், பால்சாங்கிற லேசான மரத்தின் மேல் ஒட்டிய கண்ணாடி இழைத்துணியின் நெசவு மறையும் அளவுக்கு மட்டும் பிரைமர் அடிச்சு, மிச்சத்தைத் தண்ணி விட்டு உப்புத்தாளால் தேய்ச்சே எடுத்தீங்களே! கார் ஷெட் வேலையை நிறுத்திட்டுச் செஞ்சீங்க. கூலியும் வாங்கலை. அந்தப் பொறுமையை யாரிடமும் நான் பார்த்ததில்லை.

பணகுடிப் பொத்தையில், அந்தச் சின்னக் குன்றில், கணவாய்க் காற்றில் அருமையா பறக்கு. ஆடி முடியுமுன்னே வாங்க, ரிமோட்டை உங்க கையில் தாரேன்.