'பல பள்ளிகளில் பணியாற்றினார்'

ஐயா,

ராணுவ அதிகாரியின் மனைவியாகவும் ஆசிரியையாகவும் வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றி ஞாயிறன்று நீங்கள் வெளியிட்ட அஞ்சலிக் குறிப்பைப் படித்தேன். கணவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், என்ன பதக்கம் வாங்கினார் என்பதெல்லாம் விரிவாக இருக்கிறது. அந்த அம்மா என்ன பாடம் நடத்தினார் என்று தேடினால் 'பல பள்ளிகளில் பணியாற்றினார்' என்று ஒரே வரிதான். எனக்குக் கணக்கு நடத்திய ஆசிரியையும் ராணுவ வீரரின் மனைவிதான். கணவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் இருந்த வேலையை விட்டு, புதிய ஊரில் பணிமூப்பு இல்லாமல் தொடக்கச் சம்பளத்தில் சேர்ந்து, கணவர் எல்லையில் இருந்த மாதங்களில் பிள்ளைகளைத் தனியாகவே வளர்த்து, அப்படியும் வகுப்புக்குத் தயார் செய்யாமல் வந்ததே இல்லை. இதைத் தியாகம் என்று சொல்லிக் கடந்துவிடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ராணுவத்தினரின் துணைவர் ஒரு மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமம், இடமாற்றத்துக்குப் பிறகு வேறு மாநிலத்திலும் சில நிபந்தனைகளுடன் செல்லும்படி 2023-இல் சட்டத் திருத்தம் வந்தது. அதுபோலவே இங்கும் ராணுவ வீரர்களின் மனைவிகளான ஆசிரியைகளின் முந்தைய பணி அனுபவத்தைப் புதிய பள்ளியும் முழுதாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அப்புறம், இத்தகைய அஞ்சலிகளுக்கு அவர்களுடைய மாணவர்களிடமும் நாலு வரி கேட்டு வாங்கிப் போடுங்கள்.

– ஒரு வாசகர்